தாலி கிப்பாஸ்

“புத்தகத்துல இருக்கிற பம்ப் ஒழுகாது பாப்பா. இதுதான் ஒழுகும்.”

என் தாய்மாமா இதைச் சொன்னபோது, நான் எங்கள் வீட்டு முன்புறத்தில் அப்பாவின் காருக்கு அடியில் ஓர் அட்டையை விரித்துப் படுத்திருந்தேன். கையில் தொலைபேசி. அதன் திரையில் அந்தக் காரின் பழுதுபார்ப்புக் கையேடு. மாமா முப்பது வருடமாக லோரி ஓட்டுகிறவர். நான் செய்வதைப் பார்க்கவென்றே சாலாக் செலாத்தானிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிள்ளானை அடுத்த மேருவில் எங்கள் வீட்டுக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தார்.

“படிச்சிட்டுத்தான் மாமா கை வைக்கிறேன்.”

“அதான் சொல்றேன். படிச்சவங்க பரீட்சை எழுதுவாங்க. காடி பரீட்சை எழுதாது லா.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க நேரமில்லை. அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய இரும்பு வாங்குகிறவர் இழுவை லோரியோடு வந்து காரை எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு முடிந்திருந்தது. அதற்குள் கார் ஓட வேண்டும். ஓடினால் மட்டும் போதாது. இனி அதில் ஒன்றும் அறுந்துபோகாது என்று அம்மா நம்பவும் வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். அதற்கு மேலும் படித்து, இப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். பாட்டில் மூடிகளின் விட்டத்தையும் கனத்தையும் அளந்து, சரியா தவறா என்று கையெழுத்துப் போடுவது வேலை. என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டிகூட வெளியே போகாது. இதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை. அப்பா ரோடு போடும் வேலையில் இருந்தவர். அவருக்குத் தமிழும் வாசிக்க வராது, மலாயும் வாசிக்க வராது. அம்மாவுக்கும் அப்படியே.

கார், எங்கள் பேச்சில் காடி, என்னைவிட இருபது வயது மூத்தது. வெளிர்பச்சை நிற ஜப்பான் கார். அப்பா அதை வாங்கும்போதே அது பழசு. இப்போது சாலையில் அதைப் பார்க்கிறவர்கள் கிளாசிக் என்கிறார்கள். சிக்னல் விளக்கில் பக்கத்தில் வந்து நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார்கள். அப்பா பதிலுக்குக் கையைக் கொஞ்சம் தூக்குவார். ஓட்டுவார், துடைப்பார், தண்ணீர் ஊற்றுவார். பழுது என்றால் வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவார். உள்ளே எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதும் இல்லை.

இனி அந்த வார்த்தைக்கு வருகிறேன்.

மலாயில் கயிறு, பட்டை எல்லாவற்றுக்கும் ‘தாலி’ என்றுதான் பெயர். மின்விசிறிக்குக் ‘கிப்பாஸ்’. எஞ்சினின் முன்னால் சுற்றும் ரப்பர் பெல்ட் ‘தாலி கிப்பாஸ்’. கிள்ளானில் எந்த வொர்க்‌ஷாப்புக்குப் போனாலும், தமிழர் கடையோ சீனர் கடையோ, பெல்ட் என்று கேட்பவர் யாருமில்லை. கிப்பாஸையும் விட்டுவிட்டு வெறும் தாலி என்றே சொல்வார்கள். ‘தாலி லூசா இருக்கு’, ‘தாலி டைட் பண்ணு’, ‘தாலி போச்சு’. அப்பா நாற்பது வருடமாக இந்தப் பேச்சைக் கேட்டவர், பேசியவர். கல்யாணத்தில் கட்டுகிற தாலி அவருக்கு வேறு ஒரு சொல். இரண்டும் ஒரே ஒலி என்பது அவருக்கு ஒருநாளும் உறைத்ததில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் உறைத்ததில்லை.

நான்கு மாதத்தில் அந்தக் காரில் மூன்று தாலி அறுந்தது. முதல் முறை சுபாங் அருகே. அந்த வாரமே அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இரண்டாம் முறை பிரிக்ஃபீல்ட்ஸில், சாலை நடுவில். அடுத்த சில நாட்களில் அவருக்குச் சர்க்கரை ஏறி, இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தார். அம்மா இவற்றை எங்கும் சொல்லவில்லை. ஆனால் உள்ளே ஒன்றோடு ஒன்றை முடிந்து வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு தடவையும் வொர்க்‌ஷாப் அண்ணன் புதிய பெல்ட்டைப் போட்டு, “தாலி மாத்தியாச்சு, கவலைப்படாம போங்க” என்று அனுப்பிவைத்தார்.

மூன்றாம் முறை நடந்தது என் சின்னம்மா மகளின் கல்யாணத்தன்று. மண்டபம் பிரிக்ஃபீல்ட்ஸில். முகூர்த்தம் காலையில். அப்பா ஓட்டினார். முன்னால் மாமா. பின்னால் பட்டுப்புடவையில் அம்மாவும், மடியில் சீர்த்தட்டோடு நானும். பத்து தீகா என்ற இடத்தைத் தாண்டியதும் முன்பக்கத்தில் படார் என்று ஒரு சத்தம். வெப்பமுள் மேலே ஏறியது. அப்பா ஓரமாக நிறுத்தி, பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, வேட்டியில் கை படாமல் தொலைபேசியை எடுத்துச் சின்னம்மாவை அழைத்தார்.

அந்த நேரம் சின்னம்மா மணப்பெண் அறையில் இருந்தார். கையில் சந்தனக் கிண்ணம் இருந்ததால் வேறு யாரோ போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள். அறையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள்.

அப்பா நிதானமாகச் சொன்னார்: “இந்தாம்மா, தாலி அறுந்துருச்சு. நாங்க வர லேட்டாகும். நீங்க ஆரம்பிச்சிருங்க.”

அந்தப் பக்கம் கிண்ணம் விழும் சத்தம். அதன் மேல் சின்னம்மாவின் கத்தல்.

நாங்கள் வாடகைக் காரில் மண்டபம் போய்ச் சேர்ந்தபோது, மணப்பெண்ணின் முக அலங்காரத்தை இரண்டாம் தடவையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். முகூர்த்தம் தப்பவில்லை, கல்யாணம் நடந்தது. பந்தியில் எங்கள் வரிசைக்கு வந்த ரசம் ஆறிப்போயிருந்தது. மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் அப்பாவைக் காட்டி, “அந்தத் தாலிக்காரர் இவர்தானா?” என்று கேட்டது எங்கள் காதில் விழுந்தது. சின்னம்மா அம்மாவிடம் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பட்டுப்புடவையை மாற்றாமலே கூடத்தில் உட்கார்ந்து சொன்னார்.

“மூணு தடவ அறுந்திருச்சு. ஒவ்வொரு தடவையும் இவரு மேலதான் வந்து விழுது. நாலாவது நான் பாக்க மாட்டேன். அந்தக் காடி வேணாம்.”

“வித்துரலாம்மா. கிளாசிக் வாங்கறவங்க நெறைய பேர் இருக்காங்க.”

“வேற வீட்டுக்கு அனுப்பி, அந்த வீட்டுப் பொம்பளைக்கு அறுக்கவா? இரும்புக்கே போகட்டும்.”

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். பிறகு அம்மா ஒரு சட்டமும் போட்டார். “இனிமே இந்த வீட்டுல அந்த வார்த்தை வரக் கூடாது. பெல்ட்டுன்னு சொல்லுங்க.” அப்பா அன்று மாலையே அதைப் பழகத் தொடங்கினார். ஒவ்வொரு தடவையும் ‘தா’ என்று ஆரம்பித்து, வாயை மூடி, “பெல்ட்டு” என்பார்.

மறுநாள் வேலை முடிந்து வந்து, வெளிச்சம் இருக்கும்போதே, வழியிலிருந்து இழுத்து வந்து நிறுத்தியிருந்த காரின் பானட்டைத் திறந்து பார்த்தேன். எனக்குக் கார் தெரியாது. ஆனால் ஒரு பொருள் மூன்று தடவை ஒரே மாதிரி கெட்டால், பொருளை மாற்றுவதை நிறுத்திவிட்டு அது உட்காரும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் வேலையில் முதல் பாடம். முன்னால் இருக்கும் விசிறியின் இறக்கையைப் பிடித்து ஆட்டினேன். டக் டக் என்று ஆடியது. ஆடக் கூடாது. விசிறி, வாட்டர் பம்ப்பின் முனையில் பொருத்தப்பட்டது. பம்ப்பின் அடியில் ஒரு சிறிய துளை. அதிலிருந்து துரு நிறத்தில் நீர் வழிந்து காய்ந்த கோடு தெரிந்தது. கையேட்டைத் தேடி இறக்கி வாசித்தேன். அந்தத் துளையில் நீர் வந்தால் உள்ளே இருக்கும் சீலும் பேரிங்கும் போய்விட்டன, பம்ப்பை மாற்ற வேண்டும் என்று அதில் இருந்தது. இரண்டு தடவை பெல்ட் மாற்றியபோதும் யாரும் விசிறியை ஆட்டிப் பார்த்ததில்லை.

அம்மாவிடம் போய், காரணம் கண்டுபிடித்துவிட்டேன், ஞாயிறுவரை பொறுங்கள் என்றேன். “இரும்புக்காரன் அன்னிக்குப் பத்து மணிக்கு வரான். அதுவரைக்கும் என்ன வேணா பண்ணிக்கோ” என்றார்.

வியாழக்கிழமை மாலை கிள்ளான் டவுனில் பழைய ஜப்பான் கார்களுக்குச் சாமான் விற்கும் சீனரின் கடைக்குப் போனேன். தவுக்கே, அதாவது கடை முதலாளி, என் தொலைபேசியில் இருந்த படத்தைப் பார்த்ததும், ஏணியில் ஏறி, தூசி படிந்த ஒரு பெட்டியை இறக்கினார்.

“பம்ப் இருக்கு தங்கச்சி. தாலி எத்தன வேணும்? ஒண்ணா, ரெண்டா?”

“பெல்ட் ஒண்ணு போதும்.”

“ரெண்டு எடு லா. இந்த மாதிரி காடி தாலி நெறைய சாப்பிடும்.”

“இது இனிமே சாப்பிடாது அங்கிள்” என்றேன். அவர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்ததும், பரீட்சைப் பேச்சு பேசியதும் அன்றுதான்.

வேலை இப்படி நடந்தது. பேட்டரி வயரைக் கழற்றினேன். ரேடியேட்டரின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீரை வாளியில் பிடித்தேன். தேநீர் நிறத்தில் இருந்தது. குழாய்களைக் கழற்றி, ரேடியேட்டரை வெளியே தூக்கிச் சுவரில் சாய்த்தேன். அடுத்து விசிறி. அதற்குப் பின்னால் பெல்ட் உட்காரும் சக்கரம், அதாவது புல்லி. அதற்கும் பின்னால் இரண்டு காசுகளை அடுக்கிய கனத்தில் ஓர் இரும்பு வளையம். அதன் பிறகுதான் பம்ப்பின் முகம். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஒரு போட்டோ, கழற்றிய பின் ஒரு போட்டோ. பம்ப்பைப் பிடித்திருந்த ஐந்து போல்ட்டும் ஐந்து நீளத்தில் இருந்ததால், ஓர் அட்டையில் பம்ப்பின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளையிட்டுச் செருகி வைத்தேன். மாமா இதைப் பார்த்ததும் அப்பாவைக் கூப்பிட்டார்.

“மச்சான், இங்க வந்து பாருங்க. உங்க மக கோலம் போடுறா.”

அந்த இரும்பு வளையம் கையேட்டின் படத்தில் இல்லை. புல்லி நேராகப் பம்ப்பின் முகத்தில் உட்கார்வதாகத்தான் வரைந்திருந்தது. நான் படத்தையும் வளையத்தையும் மாறிமாறிப் பார்த்தேன். வேறு நாளாக இருந்தால் நின்று யோசித்திருப்பேன். ஆனால் மாமாவின் பேச்சு காதில் இருந்தது. புத்தகம் வேறு, வண்டி வேறு. வண்டியில் எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வைப்பதுதான் நிஜ மெக்கானிக்கின் வேலை என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

ஐந்தாவது போல்ட் துருவில் பிடித்திருந்தது. முறித்தால் கதை முடிந்தது. எண்ணெய் விட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டி, இரவு முழுக்க ஊறவிட்டேன். சனிக்கிழமை காலையில் கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு இளகியது. எஞ்சின் முகத்தில் ஒட்டியிருந்த, கசிவை அடைக்கும் பழைய காஸ்கெட்டைச் சுரண்டி எடுக்கவே மதியமாகிவிட்டது. பழைய பம்ப்பையும் புதிய பம்ப்பையும் பக்கத்தில் வைத்து என் வெர்னியரால் அளந்தேன். இரண்டின் உயரமும் ஒன்றே. மகிழ்ச்சியாக இருந்தது. புதிய காஸ்கெட், பம்ப், அட்டையிலிருந்து அந்தந்த போல்ட். பிறகு போட்டோவில் இருந்த வரிசைப்படி வளையம், புல்லி, விசிறி, பெல்ட், கடைசியில் ரேடியேட்டரும் தண்ணீரும். ஒன்றும் மிச்சமாகவில்லை. பார்த்து எழுதுவதில் நான் எப்போதும் கெட்டிக்காரி.

மாலை ஐந்து மணிக்கு அப்பா சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது. வெப்பமுள் நடுவில் போய் நின்றது. பம்ப்பின் அடியில் உலர்ந்த அட்டையை வைத்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் டம்ளரைத் தரையில் வைத்தார்.

பத்து நிமிடம் போனதும் முன்பக்கம் முனக ஆரம்பித்தது. பிறகு கிறீச்சிட்டது. நிறுத்திப் பார்த்தால், புதிய பெல்ட்டின் ஓர் ஓரம் மட்டும் சாம்பல் பூத்திருந்தது. கீழே மெல்லிய கருந்தூள்.

“பாப்பா, தா—” என்று ஆரம்பித்த மாமா ஜன்னலில் அம்மாவைப் பார்த்துவிட்டு, “பெல்ட்டு அழுவுது” என்று முடித்தார்.

அம்மா ஜன்னலிலிருந்து உள்ளே போனார். அப்பா பானட்டின் கம்பியை மடக்கி, சத்தம் வராமல் மூடினார்.

“விடும்மா. ஓடுன வரைக்கும் ஓடுச்சு” என்றார்.

அவர் சமாதானத்துக்குச் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் கை கழுவப் போனேன். சோப்புப் போட்டுக் கழுவும்போது புரிந்தது: நான் செய்தது பழுதுபார்ப்பது இல்லை. இருந்த தவறை ஒரு மில்லிமீட்டர்கூட மாறாமல், போட்டோ எடுத்து, மறுபடி கட்டிவைத்திருக்கிறேன். பம்ப்பைக் கெடுத்ததும் பெல்ட்டை அறுத்ததும் அந்தத் தவறுதான். புதிய பம்ப்பும் அதே வழியில் போகும்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு வெளிச்சம் வந்தது. தொழிற்சாலையில் கழித்துப்போட்ட எஃகு அளவுகோல் ஒன்று என்னிடம் உண்டு. அறுபது சென்டிமீட்டர் நீளம். எண்கள் அழிந்துவிட்டன, ஆனால் விளிம்பு நேராக இருக்கும். விசிறியைக் கழற்றி, அந்த இடைவெளியில் அளவுகோலை இறக்கி, கீழே எஞ்சினோடு சுற்றும் புல்லியின் முகத்தில் ஒட்டி வைத்தேன். மேலே பம்ப் புல்லி அளவுகோலை முட்டித் தள்ளியது. மேலே ஒட்டினால் கீழே இடைவெளி. பெல்ட் இத்தனை நாளும் கோணலாக ஓடியிருக்கிறது. இடைவெளியை அளந்தேன். நான்கு மில்லிமீட்டர். வளையத்தைக் கழற்றி அளந்தேன். நான்கு.

எப்போது, யார், எதற்காக அந்த வளையத்தை வைத்தார்கள் என்று அப்பாவுக்குத் தெரியாது. ஏதோ ஒரு காலத்தில் வேறு ஏதோ காரின் விசிறியை மாட்டியபோது இடம் போதாமல் வைத்திருக்கலாம். கையேட்டின் படம்தான் சரி. நான் அதை வாசித்துவிட்டு, நம்பாமல் விட்டேன். வாசிக்கத் தெரியாத வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒருத்தி செய்யக் கூடாத தவறு அது. இன்றும் எனக்கு அதில் வெட்கம் உண்டு.

வளையம் போனதும், விசிறியையும் புல்லியையும் பிடிக்கும் போல்ட்டுகள் நான்கு மில்லிமீட்டர் கூடுதல் நீளமாகிவிட்டன. அப்படியே முடுக்கினால் நுனி பம்ப்பின் உடம்பில் இடிக்கும். போல்ட் தலைக்கு அடியில் வாஷர்களை அடுக்கிச் சரிசெய்தேன். அடுத்து பக்கவாட்டில், இதே பெல்ட் சுற்றுகிற ஆல்டர்னேட்டர். யாரோ கோணலுக்குத் தோதாக அதையும் இரண்டு மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தியிருந்தார்கள். பின்பக்கம் இருந்த வாஷரை முன்பக்கம் மாற்றினேன். அளவுகோல் மூன்று புல்லியையும் ஒரே நேரத்தில் தொட்டது. வேலை முடிந்தபோது என் முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

அப்பாவை ஓட்டச் சொல்லி, கிள்ளான் டவுன் வரை போய்த் திரும்பினோம். சத்தம் இல்லை. திரும்பி வந்ததும் ஒரு வெள்ளைத் தாளைப் பெல்ட்டின் கீழே பிடித்துக்கொண்டு, எஞ்சினைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டேன். தாளில் தூள் விழவில்லை. அந்தத் தாளை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“இதுல என்ன எழுதியிருக்கு?”

“ஒண்ணும் எழுதலம்மா. அதுதான் நல்லது.”

நான்கு மில்லிமீட்டர் கதையை முழுதாகச் சொன்னேன். அம்மா குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும், “நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா கணக்கு உனக்கு, பயம் எனக்கு” என்றார். நான் கண்டுபிடித்தது பெல்ட் ஏன் அறுந்தது என்பதை. அவர் கேட்டுக்கொண்டிருந்தது அதை இல்லை.

பத்து மணிக்கு இரும்புக்காரர் வந்தார். வயதான சீனர். பழைய சாமான் எடுக்க எங்கள் வரிசை வீடுகளுக்குப் பல வருடமாக வருகிறவர். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டார்.

“அலாமாக். அக்கா, இது இரும்பு இல்ல லா. இது காடி.”

“எடுத்துட்டுப் போங்க அங்கிள்.”

“பாவம் லா அக்கா.”

“பாவமெல்லாம் பாத்தாச்சு. எடுங்க.”

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தார். “சரி. கிராண்ட் கொடு. யாரு பேர்ல இருக்கு?”

கிராண்ட் என்பது காரின் உரிமைப் பத்திரம். அப்பா உள்ளே போய் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் கொண்டுவந்தார். அவர் பெயர் அச்சடித்த காகிதம் வீட்டில் அதிகம் இல்லை. அடையாள அட்டை, மருத்துவமனை அட்டை, இது. உறையிலிருந்து அதை எடுக்காமல், உறையோடு நீட்டினார். இரும்புக்காரரும் உடனே வாங்கவில்லை.

யார் பேரில் என்ற கேள்வி அப்போதுதான் எனக்குச் சரியாகக் கேட்டது.

“அம்மா, காடி அப்பா பேர்ல இருக்கிறதாலதானே அவரு மேல வருதுன்னு சொல்றீங்க?”

“வேற யாரு மேல வரும்?”

“என் பேருக்கு மாத்திருங்க. நாளைக்கு நூறு அறுந்தாலும் அறுக்கறதுக்கு என் கழுத்துல என்ன இருக்கு?”

அம்மா என்னையே பார்த்தார். மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையாகவே எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“நாளைக்கு உனக்கு ஒருத்தன் வந்தா?”

“வரும்போது பாத்துக்கலாம். அவன் பேருக்கு மட்டும் மாத்த மாட்டேன்.”

“காடியோட வர்ற பொண்ணு” என்றார் மாமா. “ஸ்பானாவும் கூடவே வரும். மாப்பிள்ளைதான் ஜாக்கிரதையா இருக்கணும்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இரும்புக்காரருக்கு முழுதும் புரியவில்லை. ஆனாலும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அம்மா தீர்ப்புச் சொன்னார். இந்த வாரமே பேர் மாற வேண்டும். மாறும்வரை அப்பா அதில் கை வைக்கக் கூடாது. வந்த மனிதரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று பழைய பம்ப்பையும், வளையத்தையும், பின்கட்டில் கிடந்த துருப்பிடித்த சைக்கிளையும் அவர் லோரியில் ஏற்றச் சொன்னார்.

அப்பா கிராண்டை இன்னும் கையில் வைத்திருந்தார்.

“அப்ப இனிமே உன்னைக் கேட்டுட்டுத்தான் ஓட்டணுமா?” என்றார். குரலில் கோபம் இல்லை. ஒரு விதியைத் தெரிந்துகொள்கிற குரல்தான். நான் உறையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

புதன்கிழமை சோதனை நிலையத்தில் சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பார்த்துச் சீட்டுக் கொடுத்தார்கள். வியாழன் காலை போக்குவரத்து அலுவலகத்தில் நானும் அப்பாவும் எண் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பெயர் மாற்ற அங்கே கையெழுத்துத் தேவையில்லை, கைநாட்டுத்தான். கோட்டும் டையுமாக வந்தவரும் கட்டைவிரலைத்தான் கண்ணாடியில் வைத்தார். அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்ததும் அவர் விரலை இயந்திரம் மூன்றாவது தடவையில் ஏற்றுக்கொண்டது. என் விரலை ஏற்கவே இல்லை. காஸ்கெட் சுரண்டியதில் ரேகை தேய்ந்திருந்தது. கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் வேறு விரலை வைக்கச் சொன்னார். வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

வெளியே கார் நிறுத்தும் இடத்தில் அப்பா வலப்பக்கக் கதவை விட்டு, சுற்றிக்கொண்டு இடப்பக்கக் கதவுக்குப் போய் நின்றார். நான் பையிலிருந்து காரின் இன்ஷூரன்ஸ் தாளை எடுத்து, அனுமதி பெற்ற ஓட்டுநர்கள் என்ற கட்டத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். என் பெயருக்குக் கீழே இரண்டாவதாக அவர் பெயரைச் செவ்வாய்க்கிழமையே சேர்த்திருந்தேன்.